மோதிர விரலின் பிடிவாதம்

வலது கையை மேசைமேல் குப்புற வையுங்கள். நடுவிரலை மட்டும் உள்ளங்கைக்கு அடியில் மடக்கிக்கொண்டு, மற்ற நாலு விரல்களின் நுனியும் மேசையில் படும்படி வைத்துக்கொள்ளுங்கள். கட்டை விரலைத் தூக்குங்கள், வருகிறது. ஆள்காட்டி விரலும் வருகிறது. சுண்டு விரல் கொஞ்சம் முரண்டு பிடித்தாலும் எழுந்துவிடும். இனி மோதிர விரல். எவ்வளவு முயன்றாலும் மேசையை விட்டு மேலே வராது.

பயப்பட வேண்டாம், பக்கவாதம் இல்லை. விரல்களை நீட்டும் தசைநாண்கள் புறங்கையில் ஓடும்போது குறுக்கு நார்களால் ஒன்றோடொன்று கட்டுண்டிருக்கின்றன. நடுவிரல் மடங்கும்போது அந்த நார் மோதிர விரலின் நாணையும் சேர்த்து இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. 20 வயதுக்காரருக்கும் இதே கதிதான். 19ஆம் நூற்றாண்டில் சில பியானோ கலைஞர்கள் பொறுமை இழந்து அந்த நாரை மருத்துவரைக் கொண்டு வெட்டிக்கொண்டதும் உண்டு. யாரும் பின்பற்ற வேண்டிய வழி அல்ல.

65 வயதில் முதன்முறையாகப் பியானோ முன் உட்காருகிறவர் முதல் வாரமே இந்த விரலைச் சந்தித்துவிடுவார். “வயசாயிடுச்சு, இனிமே விரல் எங்க வளையும்” என்று அப்போது எழுந்துபோகிறவர்கள் அதிகம். தப்பான ஆளைக் குற்றம் சாட்டுகிறார்கள். முதுமை தன் வேலையை முக்கியமாகக் காட்டுவது விரலுக்கு வெகு மேலே, மண்டைக்குள். பியானோவும் அங்கேதான் வேலை செய்கிறது. எவ்வளவு வேலை செய்கிறது என்பதில்தான் மிகைப்படுத்தல் நிறைய நடக்கிறது.

முதலில் ஒரு தொடக்கப் பாடத்தைக் கிட்டே போய்ப் பார்ப்போம். எதிரே இரண்டு வரிசைகளில் ஐந்தைந்து கோடுகள். மேல் வரிசை வலது கைக்கு, கீழ் வரிசை இடது கைக்கு. மேல் வரிசையில் கீழிருந்து இரண்டாம் கோட்டில் புள்ளி இருந்தால் அது ‘ஜி’. அதே புள்ளி கீழ் வரிசையின் இரண்டாம் கோட்டில் இருந்தால் ‘பி’. ஒரே இடம், இரண்டு பொருள். கண் கீழே இறங்கும்போதெல்லாம் மூளை விதியை மாற்றிக்கொள்ள வேண்டும். வலது கை நாலு எண்ணிக்கைக்கு நாலு ஸ்வரம் வாசிக்கிறது. இடது கை அதே நாலு எண்ணிக்கைக்கும் ஒரே ஸ்வரத்தை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். எளிதுதானே என்று தோன்றும். வலது கை எழும்போதெல்லாம் இடது கையும் கூடவே எழப் பார்க்கும்! இரண்டு கைகளும் சேர்ந்து அசைவதே மூளைக்கு வசதி. ஒன்றை ஓடவிட்டு மற்றொன்றை நிறுத்திவைக்க வேண்டுமானால், மூளையின் இரு பாதிகளும் நடுவிலுள்ள கார்பஸ் கலோசம் என்ற நரம்புப் பாலம் வழியாக ஓயாமல் பேசிக்கொள்ள வேண்டும். இதற்கிடையே காது வேறு, வந்த ஒலி சரியா தவறா என்று உடனுக்குடன் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

குறுக்கெழுத்துப் போட்டியில் தப்பு நேர்ந்தால் அது தெரிய அரை மணி நேரம்கூட ஆகலாம். இங்கே அரை நொடி ஆகாது.

இப்படி உழைக்கும்போது மூளையில் மாற்றம் வியக்கத்தக்க வேகத்தில் தொடங்கிவிடுகிறது. அல்வாரோ பாஸ்குவால்-லியோன் குழு 1995இல் வெளியிட்ட சோதனையில், பியானோ அறியாதவர்கள் ஒரு கையால் ஐந்து விரல் பயிற்சி ஒன்றை தினம் 2 மணி நேரம் வீதம் 5 நாள் செய்தார்கள். தலைக்கு வெளியிலிருந்து காந்தத் துடிப்பு செலுத்தி, விரல்களை இயக்கும் மூளைப் பரப்பை ஒவ்வொரு நாளும் அளந்தார்கள். ஐந்தே நாளில் அது விரிந்திருந்தது. கட்டையைத் தொடாமல் மனதுக்குள்ளேயே வாசித்துப் பார்த்த இன்னொரு குழுவுக்கும் ஏறக்குறைய அதே அளவு விரிவு! ஜெர்மனியின் ஹனோவர் நகரில் மார்க் பாங்கெர்ட்டும் எக்கார்ட் ஆல்டென்முல்லரும் 2003இல் காட்டியது இன்னும் நுட்பமானது. வெறும் 20 நிமிடப் பயிற்சிக்குப் பிறகே, ஒலியைக் கேட்கும்போது மூளையில் விரல்களுக்கான பகுதியும் சேர்ந்து விழித்துக்கொள்ளத் தொடங்குகிறது. சத்தம் வராத கட்டையை அழுத்தினால் கேட்கும் பகுதி விழிக்கிறது. சில வாரங்களில் இந்த இணைப்பு நிலைபெற்றுவிடுகிறது.

இவற்றில் பங்கேற்றவர்கள் முதியவர்கள் அல்லர். முதிய மூளையின் கணக்கு வேறு. சொல்வளம், அனுபவ அறிவு, உலக ஞானம் ஆகியவை எழுபதிலும் ஏறக்குறைய அப்படியே நிற்கும். சிலருக்கு வளரவும் செய்யும். குறைவது வேகமும் செயல்நினைவும்தான். ஓடிபி எண்ணைப் பார்த்துவிட்டு அடுத்த திரையில் தட்டச்சு செய்யும்வரை தலைக்குள் பிடித்து வைத்திருக்கிறோமே, அதுதான் செயல்நினைவு. ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குச் சட்டென்று தாவும் திறனும் மந்தமாகிறது. புதிய நினைவுகளைப் பதிய வைக்கும் ஹிப்போகேம்பஸ் முதுமையில் ஆண்டுக்குச் சுமார் 1 முதல் 2 சதவீதம் சுருங்குகிறது. மூளைப் பகுதிகளை இணைக்கும் நரம்பிழைகளின் தரமும் குறைகிறது. பியானோப் பாடம் கேட்பதோ சரியாக இந்தப் பலவீனமான திறன்களைத்தான். ஆய்வாளர்களின் கண் பியானோமேல் விழுந்தது அதனால்தான்.

தொடக்கம் 2007இல். அமெரிக்காவில் ஜெனிஃபர் பியூகோஸ் குழு 60 முதல் 85 வயதுவரையான 31 பேரை எடுத்துக்கொண்டது. 16 பேருக்கு ஆறு மாதம் தனித்தனியே பியானோப் பயிற்சி. 15 பேருக்கு எதுவுமில்லை. முன்னும் பின்னும் வைத்த தேர்வுகளில் ஒன்று சுவையானது, நீங்களே செய்து பார்க்கலாம். காகிதத்தில் 25 வட்டங்கள் சிதறிக் கிடக்கும்; சிலவற்றில் எண், சிலவற்றில் எழுத்து. பென்சிலை எடுக்காமல் 1 - அ - 2 - ஆ - 3 - இ என்று மாற்றி மாற்றிக் கோடு இழுத்துப் போக வேண்டும். கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். எண் வரிசையும் எழுத்து வரிசையும் நமக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். இரண்டுக்கும் இடையே தாவுவதில்தான் கால் இடறும். பியானோ கற்றவர்கள் இந்தத் தேர்வில் முன்னேறியிருந்தார்கள். குறியீடுகளை எண்களோடு பொருத்தும் வேகத் தேர்விலும் அப்படியே.

செய்தி பரவியது. ஆனால் கவனியுங்கள்: எண்ணிக்கை 31. ஒப்பீட்டுக் குழு வீட்டில் சும்மா இருந்தது. வாரந்தோறும் ஒரு ஆசிரியர் அன்போடு பேசி, வீட்டுப்பாடம் கொடுத்து, அடுத்த வாரம் கேட்டால் யாருக்குத்தான் உற்சாகம் வராது? பலன் பியானோவாலா, ஆசிரியராலா, வெளியே போய்வர ஒரு காரணம் கிடைத்ததாலா? அந்த ஆய்வை வைத்துக்கொண்டு பிரித்துச் சொல்ல வழியில்லை. முன்னோடி ஆய்வுக்குரிய மரியாதையை அதற்குக் கொடுக்கலாம். அதற்குமேல் ஏற்றக் கூடாது.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் ஜெனீவாவிலும் ஹனோவரிலும் ஒரே சமயத்தில் பெரிய அளவில் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். முன்னின்றவர்களில் ஒருவர் கிளாரா ஜேம்ஸ். இன்னொருவர் மேலே பார்த்த ஆல்டென்முல்லர். எல்லோரும் ஓய்வுபெற்றவர்கள், ஆரோக்கியமானவர்கள், வாழ்நாளில் மொத்தம் ஆறு மாதத்துக்குமேல் இசை படிக்காதவர்கள். சீட்டுக் குலுக்கியதுபோல் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குப் பியானோ. மறு பாதி சும்மா இருக்கவில்லை. அவர்களுக்கும் வாரம் ஒரு வகுப்பு, வீட்டுப்பாடம், ஆசிரியர், சகமாணவர் எல்லாம் உண்டு. அவர்கள் படித்தது இசை கேட்பதை: எந்த வாத்தியம் ஒலிக்கிறது, எந்த நடை, எந்தக் காலத்து இசை என்று பகுத்தறிவதை. விரல் மட்டும் கட்டையில் படாது. வாரம் ஒரு மணி நேர வகுப்பு, தினம் சுமார் அரை மணி நேரம் வீட்டில். இருவருக்கும் அளவு ஒன்றே.

இந்தத் திட்டத்தில் டாமியன் மாரி முதலானோர் 2023இல் வெளியிட்ட ஆய்வு, 62 முதல் 78 வயதுவரையான 132 பேரை ஆறு மாதத்துக்குப் பின் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தது. இரு குழுவினருக்கும் செயல்நினைவு சுமார் 6 சதவீதம் மேம்பட்டிருந்தது. இரு குழுவிலும் சிறுமூளை உட்படச் சில பகுதிகளில் சாம்பல்நிறப் பொருள் கூடியிருந்தது. நன்றாகத் தூங்கியவர்களுக்கும், வகுப்பைத் தவறவிடாதவர்களுக்கும், வீட்டில் ஒழுங்காகப் பயிற்சி செய்தவர்களுக்கும் பலன் கூடுதல். பியானோவுக்கென்று தனியாகக் கிடைத்தது ஒன்றுதான்: வலது பக்கத்தில் ஒலியை முதலில் வாங்கிக்கொள்ளும் பகுதி, கேட்டவர்களுக்குச் சுருங்கியது, வாசித்தவர்களுக்குச் சுருங்காமல் அப்படியே நின்றது. இதே திட்டத்தில் ஹனோவர் குழு முந்தைய ஆண்டு கண்டதும் அதே சாயல்தான். ஹிப்போகேம்பஸிலிருந்து கிளம்பும் ஃபோர்னிக்ஸ் என்ற நரம்பிழைக் கற்றை, பியானோ கற்றவர்களுக்கு நிலையாக இருந்தது, மற்றவர்களுக்குக் குறைந்தது.

‘வளர்ந்தது’ என்று சொல்லவில்லை, ‘குறையவில்லை’ என்கிறார்கள். எல்லோருடைய மூளையிலும் பொதுவான வயதுச் சுருக்கம் தொடர்ந்துகொண்டுதான் இருந்தது, ஆகவே இசை மூளையை இளமையாக்குகிறது என்ற முடிவுக்கு வர முடியாது என்று ஆய்வாளர்களே தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். சில குறிப்பிட்ட பகுதிகளில் முதுமையின் கையைக் கொஞ்சம் பிடித்து நிறுத்துகிறது, அவ்வளவுதான். ‘மூளையை இருபது வயதாக்கும் இசை’ என்று விளம்பரம் செய்கிறவர்கள் இந்தப் பத்தியைப் படித்திருக்க மாட்டார்கள். என் பார்வையில் இந்தச் சின்ன முடிவே பெரிய செய்தி. எழுபது வயதில் ஆறு மாதம் ஒரு பகுதியாவது குறையாமல் நிற்பதென்றால் அது லாபக் கணக்கில்தான் வரும்.

அப்படியானால் அந்தப் பலனுக்குப் பியானோதான் வேண்டுமா?

கனடாவின் மான்ட்ரியலில் நடந்த ஒரு சோதனை இந்தக் கேள்வியை வேடிக்கையாக்கியது. முதியவர்களில் ஒரு குழு ஆறு மாதம் பியானோ கற்றது. இன்னொரு குழு ஆறு மாதம் வீடியோ கேம் விளையாடியது: ‘சூப்பர் மாரியோ 64’. மூன்றாவது குழு எதுவும் செய்யவில்லை. 2017இல் வந்த முடிவின்படி ஹிப்போகேம்பஸில் சாம்பல்நிறப் பொருள் கூடியது மாரியோ குழுவுக்கு! முப்பரிமாணக் கோட்டைக்குள் வழி தேடி அலைந்ததில் இடநினைவுக்கு நல்ல தீனி கிடைத்திருக்கிறது. பியானோக் குழுவுக்குக் கூடியது நெற்றிப்பக்கம், திட்டமிட்டுச் செயல்படுத்தும் பகுதியில். சிறுமூளை இருவருக்கும். மிகச் சிறிய ஆய்வு, மொத்தம் 33 பேர். அதை வைத்துப் பேரனின் விளையாட்டுப் பெட்டியைப் பறித்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் பியானோவுக்கு ஆதரவான ஒரு சேதியும் அங்கிருந்தே வந்தது. பெஞ்சமின் செண்டெல் குழு 2019இல் வெளியிட்டது அது: இரைச்சலுக்கு நடுவே பேச்சைப் பிரித்துக் கேட்கும் திறன் மேம்பட்டது பியானோ கற்றவர்களுக்கு மட்டுமே. கல்யாண மண்டபத்தில் பக்கத்து இருக்கைக்காரர் பேசுவது புரியாமல் சும்மா தலையாட்டி வைக்கிற எவருக்கும் இதன் மதிப்பு தெரியும். பல முதியவர்களுக்கு ஒலி காதுக்குள் போகிறது, மூளையில் பிரிவதில்லை.

டெக்சாஸில் டெனிஸ் பார்க் நடத்தி 2014இல் வெளியான ஆய்வு இன்னும் ஒரு படி போகிறது. 60 முதல் 90 வயதுவரையான 221 பேர். சிலர் டிஜிட்டல் புகைப்படக் கலை கற்றார்கள். சிலர் துணித்துண்டுகளை ஒட்டுப்போட்டு மெத்தைவிரிப்பு தைக்கக் கற்றார்கள். சிலர் கூடிப் பேசிச் சிரித்து ஊர் சுற்றினார்கள். சிலர் வீட்டிலிருந்தபடி இசை கேட்டும் எளிய சொற்புதிர் போட்டும் பொழுதுபோக்கினார்கள். வாரம் சுமார் 15 மணி நேரம், மூன்று மாதம். நினைவுத்திறன் முன்னேறியது கடினமான புதுத் திறனைக் கற்றவர்களுக்கு, குறிப்பாகப் புகைப்படக்காரர்களுக்கு. நட்பும் அரட்டையும் மனதுக்கு நல்லவை. நினைவைப் பொறுத்தவரை புதிதாகக் கற்றவர்கள் அளவுக்கு அவை உதவவில்லை.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் என் முடிவு இது: மூளைக்கு மருந்து பியானோ என்ற பெட்டி அல்ல, ‘எனக்கு இது தெரியவில்லை’ என்ற நிலையில் தினமும் அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பது. அந்த நிலையை வேண்டிய அளவு தருவதில் பியானோ கெட்டிக்காரக் கருவி. ஒரு பாடம் பழகிவிட்டால் அடுத்தது தயாராக இருக்கும், சிரமம் தீர்ந்துபோகாது. வயலின் மாதிரி முதல் ஆறு மாதம் அபஸ்வரத்தால் வீட்டாரை வதைக்கவும் செய்யாது. கட்டையை அழுத்தினால் சரியான சுருதி வந்துவிடும். முதிய கற்றலில் இது சின்ன விஷயம் இல்லை, ஏனென்றால் பாதியில் விடாமல் இருப்பதுதான் இங்கே எல்லாம்.

இசை வாசிப்பவர்களுக்கு மறதிநோய் குறைவு என்று காட்டும் புள்ளிவிவரங்களும் உண்டு. நியூயார்க்கின் பிராங்ஸில் 75 வயதைத் தாண்டிய 469 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2003இல் வெளியிட்ட ஆய்வில், படிப்பது, பலகை விளையாட்டு, நடனம், வாத்தியம் வாசிப்பது ஆகியவை மறதிநோய் குறைவதோடு சேர்ந்தே வந்தன. ஸ்வீடனில் 157 இரட்டையர் ஜோடிகளை வைத்து 2014இல் வந்த ஆய்வு, வாத்தியம் வாசித்தவருக்கு அந்த வாய்ப்பு 64 சதவீதம் குறைவு என்றது. கேட்கப் பிரமாதமாக இருக்கிறது. ஆனால் வாசிப்பதில் இருவரும் வேறுபட்ட ஜோடிகள் அதில் 27 மட்டுமே. மேலும் எது முந்தியது? மறதி மெல்லத் தொடங்கியவர் வாத்தியத்தை முன்பே ஓரம் வைத்திருக்கலாம். இந்த எண்ணைச் சொல்லிக் கீபோர்டு விற்க வருகிறவரிடம் கொஞ்சம் கையைக் கட்டிக்கொண்டே பேசுங்கள்.

தொழில்முறைக் கலைஞர்கள் முதுமையில் எப்படிச் சமாளிக்கிறார்கள்? ரால்ஃப் கிராம்பேயும் ஆண்டர்ஸ் எரிக்சனும் 1996இல் இதை அளந்தார்கள். அறுபதை எட்டிய தேர்ந்த பியானோ கலைஞர்களும் பொதுவான வேகத் தேர்வுகளில் மற்ற முதியவர்களைப் போலவே பின்தங்கினார்கள். பியானோ சார்ந்த விரல் வேலையில் மட்டும் இளைஞர்களுக்கு அதிகம் பின்தங்கவில்லை. அதுவும் பயிற்சியை விடாதவர்களுக்குத்தான். வாழ்நாள் முழுக்க வாசித்தும் அந்தத் திறமை வேறு துறைக்குக் கசிந்துவிடவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆர்தர் ரூபின்ஸ்டைன் 1976இல் தன் 89ஆம் வயதில் லண்டன் விக்மோர் ஹாலில் கடைசிக் கச்சேரி செய்தார். முதுமையை ஏமாற்றும் அவருடைய உத்திகளை உளவியலாளர் பால் பால்டெஸ் அடிக்கடி எடுத்துச் சொல்வார்: குறைந்த எண்ணிக்கையில் உருப்படிகள், அவற்றுக்கு அதிகப் பயிற்சி, வேகமான பகுதி வருவதற்குச் சற்று முன்னால் வேண்டுமென்றே நிதானிப்பது. அப்போது அடுத்து வருவது இருப்பதைவிட வேகமாகக் கேட்கும். இந்த மூன்றாவது தந்திரத்துக்காகவே அவருக்கு ஒரு கைத்தட்டு கொடுக்கலாம்.

கடைசியாக ஜப்பான். கியோட்டோவில் சராசரி 73 வயதுக்காரர்கள் நான்கு மாதம் வாத்தியம் கற்றார்கள். விலையுயர்ந்த பியானோ அல்ல. பள்ளிப் பிள்ளைகள் வாயால் ஊதிக்கொண்டே கட்டையை அழுத்தி வாசிக்கும் மெலோடிகா. நான்கு ஆண்டுகள் கழித்து அவர்களைத் தேடிப் பிடித்து மறுபடி சோதித்தார்கள். தொடர்ந்து வாசித்தவர்களுக்குச் சொல்சார்ந்த செயல்நினைவு குறையவில்லை; மூளையின் ஆழத்திலுள்ள புட்டமென் என்ற பகுதியும் சுருங்கவில்லை. நிறுத்தியவர்களுக்கு இரண்டும் குறைந்திருந்தன. 2025இல் வெளியான இந்த முடிவும் சிறு எண்ணிக்கையை வைத்ததுதான், தொடர்ந்தவர்கள் இயல்பிலேயே திடமானவர்களாக இருந்திருக்கவும் கூடும். இருந்தாலும் மற்ற ஆய்வுகள் காட்டும் திசையோடு இது ஒத்துப்போகிறது.

ஆகவே தொடங்க நினைக்கிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மறதிநோயைத் தள்ளிப்போட நம் கையிலுள்ள 14 காரணிகளை லான்செட் ஆணையம் 2024இல் பட்டியலிட்டது. ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொலஸ்ட்ரால், புகை, காது கேளாமை, பார்வைக் குறைவு, தனிமை எல்லாம் அதில் உண்டு, பியானோ இல்லை. முதலில் மாத்திரையை ஒழுங்காகப் போடுங்கள், காதைச் சோதித்துக்கொள்ளுங்கள். பிறகு வாத்தியத்துக்கு வாருங்கள். 88 கட்டையுள்ள பியானோ தேவையில்லை, 61 கட்டை கீபோர்டு தொடக்கத்துக்குத் தாராளம். அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி கூடிக் குறைவதாக இருந்தால் நல்லது. பரணில் ஆர்மோனியம் இருந்தால் அதையே இறக்கித் தூசி தட்டலாம். ஒரு கை துருத்தி போடப் போய்விடும் என்பதால் இரு கைப் பயிற்சி கிடைக்காது, ஆனால் மெலோடிகாவிலும் அது கிடைக்கவில்லையே. யூடியூபோடு நிறுத்திக்கொள்ளாமல் ஓர் ஆசிரியரைப் பிடியுங்கள். வாரம் ஒருமுறை பாடம் ஒப்பிக்க ஒருவர் இருந்தால்தான் பயிற்சி நடக்கும். வாரம் ஒரு மணி நேர வகுப்பு, தினம் அரை மணி நேரம் வீட்டில்: ஜெனீவாவில் கொடுத்த அளவு இதுதான். பழகிய பாட்டையே சுகமாகத் திரும்பத் திரும்ப வாசிக்கிற நாள் வந்துவிட்டால் அடுத்த பாடத்துக்குப் போய்விடுங்கள். ஆறு மாதம் ஆனதும் நிறுத்திவிடாதீர்கள்.